பெரியம்மாவின் இடது கதவு

அன்றைக்குப் பழைய ஐஸ் பாக்டரி ஷெட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருவர் இடம் மாறி உட்கார்ந்திருந்தாலும் நடந்தது நடந்திருக்காது.

கிளப் தலைவர் ஷெட்டின் நடுவே மடக்கு நாற்காலியில். அவர் கண் டாக்டர். அவருக்கு வலப்பக்கம், முதுகு சாயாத ஸ்டூலில் ‘சட்டம்’. லைப்ரரியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். கிளப்பின் விதிப்புத்தகம் முழுக்க மனப்பாடம், அதனால் அந்தப் பெயர். இடப்பக்கம், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின் மேல் ‘தகரம்’. நசுங்கி வந்த கார் பாடியைத் தட்டி நிமிர்த்துவது அவர் தொழில். இந்த மூன்று பேரும்தான் பரிசோதனைக் குழு. வாசற்படியில், பாதி உரித்த ஆரஞ்சுப் பழத்துடன் பஸ் டிப்போ டைம்கீப்பர். சோதனைக்கு நின்ற சாம்பல் நிறக் காரின் பின்சீட்டில் அவருடைய மனைவி. கிளப்புக்குச் செயலாளர், காருக்குச் சொந்தக்காரர், பல்செட் செய்யும் லேப் நடத்துகிறவர். மூன்றையும் சேர்த்து எல்லோரும் அவரைக் கூப்பிடுவது பல்லக்கா என்று. ஆறாவது ஆள் டாக்டரின் மனைவி. பக்கத்தில் நின்ற மெரூன் நிறக் காரின் முன்சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டுக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு கார்களும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம். ஐம்பத்திரண்டில் இங்கிலாந்தில் கையால் கட்டிய சலூன்கள். சாம்பல் நிறத்துக்குப் பெயர் பெரியம்மா. அவசரப்படுத்தினால் முறைப்பாள், கொஞ்சினால் நகர்வாள் என்பதால் டைம்கீப்பர் வைத்த பெயர். மெரூனுக்கு டாக்டரே ஜமீன் என்று பெயர் வைத்துக்கொண்டார். அது மூன்று வருஷமாகக் கிளப்பின் கப்பை வாங்கிய வண்டி. அன்றைக்கு டாக்டர் ரிவர்ஸில் வந்து நிறுத்தியதால், இரண்டும் தலைக்கு வாலாக, இடது பக்கமும் இடது பக்கமும் எதிரெதிரே பார்க்க நின்றன.

விஷயம் இதுதான். கடல் தாண்டி நடக்கும் பெரிய கண்காட்சியிலிருந்து முதன்முறையாக இந்தக் கிளப்புக்கு அழைப்பு வந்திருந்தது. ஒரு கிளப்புக்கு ஒரு வண்டி. அந்த வண்டியின் ஒவ்வொரு தகடும் அந்த வண்டியுடையதே என்று கிளப் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். போன மாதக் கூட்டத்தில் பெரியம்மாவைத் தேர்ந்தெடுத்தாயிற்று, கடுதாசிதான் பாக்கி. அது இன்று ஐந்து மணிக்கு வரும் கூரியர் வேனில் ஏறினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஏழு வருஷம் ஞாயிற்றுக்கிழமை பார்க்காமல் பல்லக்கா பெரியம்மாவைக் கட்டியிருந்தார். இருக்கையின் ஸ்பிரிங் வரை அவர் கை படாத இடம் அந்த வண்டியில் கிடையாது.

கிளப்பில் சோதனைக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்காரர் தன் வண்டியின் பின்சீட்டில் உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. திறந்தால் சோதனை முதலிலிருந்து. ஒரு காலத்தில் ஒவ்வொரு வண்டிக்காரரும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் வக்காலத்து வாங்கி, சோதனை மூன்று நாள் இழுத்ததால் வந்த வழக்கம் அது.

ஆகவே பல்லக்கா மடியில் மினிட்ஸ் நோட்டை வைத்துக்கொண்டு, கேட்டதை எழுதிக்கொண்டு, உதட்டை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ஜின் சரி. சேஸிஸ் எண் சரி. மட்கார்டு நான்கும் சரி. ஒவ்வொன்றுக்கும் சட்டம் ஒரு டிக் போட்டார். எல்லாம் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

"கடைசி ஐட்டம். கதவுகள்" என்றார் சட்டம்.

டாக்டர் எழுந்து வந்து ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினார். மூன்று கதவு ஒரே தள்ளலில் மூடியது. இடது முன்கதவு மட்டும் இரண்டாவது தள்ளலைக் கேட்டது. அது பல்லக்காவுக்குப் புதிதில்லை. அந்தப் பக்கம் உட்காருகிறவர் டைம்கீப்பர். "இழுத்துச் சாத்துங்க" என்று ஏழு வருஷமாக அவரிடம் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியமே தேய்ந்து போயிருந்தது. கதவின் கீழ் மூலை கார் பாடியின் கதவுத் தூணில் இடித்ததால், கீல்களுக்கு அடியில் பித்தளைத் தகடு செருகிச் சாய்த்து நிறுத்தியிருந்தார். கதவை ஒரு இம்மியும் தேய்க்கவில்லை. கடி சரியில்லை என்று பல்லைத் தேய்க்கிறவர்களை அவருக்கு ஆகாது.

ஆனால் மூடும்போது பின்சீட்டிலிருந்து அந்தக் கதவை அவர் பார்த்ததே இல்லை. எப்போதும் வெளியே நின்று, குனிந்து, விளக்கடித்துத்தான் பார்த்திருக்கிறார். இப்போது உள்ளே இருட்டு, வெளியே வெயில். கதவுக்கும் தூணுக்கும் நடுவே வெளிச்சம் ஆப்பு மாதிரி விழுந்தது. மேலே விரல் நுழையும், கீழே காகிதம் நுழையாது. சாய்ந்து நின்ற கதவு இல்லை அது. கீழ் மூலையில் ஒரு விரல் கூடுதலாகச் சதை வைத்த கதவு.

என்னடா இது என்று பல்லக்கா இடது பக்கம் திரும்பினார். எதிரே நாலடி தூரத்தில் ஜமீனின் இடது முன்கதவு. அதன் ஜன்னலில் டாக்டரம்மா பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கதவின் கீழ் மூலையில் பெயிண்ட்டுக்குள் மயிரிழை போல் ஒரு கீறல். அது என்னவென்று பல்லக்காவுக்குத் தெரியும். அங்கே ஒரு விரல் அகலத்துக்குக் கதவு குறைந்ததால் ஈயம் உருக்கி வார்த்து நிரப்பினேன் என்று தகரமே ஒரு தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒரு விரல் கூடுதல். அங்கே ஒரு விரல் குறைச்சல்.

பல்லக்காவின் கையிலிருந்த பேனா நின்றது. லேபில் ஒரு தடவை இப்படித்தான் நடந்தது. ஒரு வாத்தியார் வந்து, கீழ்ப்பல்செட் கடித்தால் இடிக்கிறது என்றார். ஒரு தையற்காரம்மா வந்து, கடித்தால் படவே மாட்டேன் என்கிறது என்றார். இரண்டு வாரம் இருவருக்கும் தனித்தனியாக மல்லுக்கட்டிய பிறகு, ஒருநாள் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் பல்லக்காவுக்கு உறைத்தது. ஒருவர் பல் இன்னொருவர் வாயில். மாற்றிப் போட்டதும் வாத்தியார் அங்கேயே ஒரு முறுக்கைக் கடித்துக் காட்டிவிட்டுப் போனார்.

"நாலும் மூடுது. டிக் போடலாமா?" என்றார் சட்டம்.

"போடுங்க" என்றார் டாக்டர்.

"போடலாம்" என்றார் தகரம்.

பல்லக்கா ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பேசக்கூடாது என்று விதியே அவர் வாயைக் கட்டி வைத்திருந்தது. ஒரு டிக் விழுந்தால் கடுதாசி, கடுதாசி போனால் கப்பல். சட்டத்தின் பேனா காகிதத்தைத் தொடப் போனது.

"அதுக்கு டிக் போடாதீங்க" என்றார் பல்லக்கா. "அந்தக் கதவு என்னோடது இல்ல."

வாசற்படியில் டைம்கீப்பர் ஆரஞ்சைக் கீழே வைத்தார்.

"அக்கா, பேசிட்டீங்களே!" என்று சட்டம் தலையில் கை வைத்தார். "வண்டிக்காரர் பேசினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்!"

"ஆரம்பிங்க. முதல்ல கதவைக் கழட்டுவோம்." பல்லக்கா இறங்கிவிட்டார். "தகரம், உள்பலகையை எடுப்பா. அந்தக் காலத்துல உள்தகட்டுல பாடி நம்பரைப் பொறிச்சிருப்பாங்க. என் நம்பர் இருநூத்தி ஏழு."

தகரம் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பலகை வந்தது. உள்ளே செங்காவி பிரைமர் அப்பியிருந்தது. தின்னர் நனைத்த துணியால் தேய்க்கத் தேய்க்க ஒன்று, ஒன்பது, மூன்று என்று ஒவ்வொன்றாக மேலே வந்தது.

"நூத்தித் தொண்ணூத்தி மூணு" என்று வாசித்தார் சட்டம். விதிப்புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த வண்டி எண் பட்டியலைப் புரட்டினார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் யாரையும் பார்க்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்று மூன்று ஜமீனின் எண்.

"தகரம்..." என்றார் டாக்டர்.

தகரம் எழுந்து நின்றார். கையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார். "மறைக்க ஒண்ணுமில்ல சார். ரெண்டு வண்டியும் ஏழு வருஷம் முன்னாடி மழையில ஒண்ணா என் கொட்டாய்லதான் கழண்டு கிடந்தது. எது யாருதுன்னு சாக்பீஸ்ல எழுதி வெச்சிருந்தேன். கூரை ஒழுகி, காலைல பார்த்தா பளிச்சுனு கழுவி விட்டிருந்தது. எல்லாம் ஒரே அச்சுதானேன்னு கண்ணளவுல பிரிச்சு மாட்டிட்டேன். கையால கட்டின வண்டி ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுன்னு அப்ப எனக்குத் தெரியாது."

"இப்ப தெரியுமா?"

"ஏழு வருஷமா இந்த ரெண்டு கதவோட அடிச்சிக்கிட்டது நான்தானே சார். இப்ப நல்லாத் தெரியும்."

டாக்டர் தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் தீர்மானம் படிக்கும் குரலுக்கு மாறினார். "சரி. நம்ம ஆறு பேருக்குத்தான் தெரியும். வெளிய பார்த்தா எந்தக் குறையும் இல்ல. உள்பலகையை எவன் கழட்டிப் பார்க்கப் போறான்? பலகையை மாட்டுங்க. நீங்க கடுதாசி எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

"என் பேர்ல போற கடுதாசி டாக்டர். இருநூத்தி ஏழுன்னு எழுதிட்டு நூத்தித் தொண்ணூத்தி மூணை ஏத்தி அனுப்ப எனக்குக் கை வராது."

"அப்ப ஏழு வருஷ உழைப்பு?"

"அது எங்கயும் போகல. இதோ நாலடியில நிக்குது." பல்லக்கா ஜமீனின் கதவைக் காட்டினார். "என் கதவை என்கிட்ட குடுங்க, உங்க கதவை நீங்க எடுத்துக்குங்க. மாத்தி மாட்டிட்டு அனுப்புவோம்."

"மாத்தியா!" டாக்டரின் மூக்குக் கண்ணாடி நுனிக்கு வந்துவிட்டது. "பன்னெண்டு கோட் மெரூன் அடிச்சிருக்கேன் அந்தக் கதவுக்கு! சாம்பல் வண்டிக்கு மெரூன் கதவு, மெரூன் வண்டிக்குச் சாம்பல் கதவா? ஊரே சிரிக்கும். அப்புறம் என் கப்பு மூணும் என்ன ஆறது?"

"வண்ணத்தைப் பத்தி அழைப்புல என்ன போட்டிருக்கு?" என்று பல்லக்கா சட்டத்தைக் கேட்டார்.

சட்டம் காகிதத்தைத் தேடவே இல்லை. "ஆறாவது விதி. தகடு வண்டியினுடையதா இருக்கணும். வண்ணம் சொந்தக்காரர் விருப்பம்."

"போச்சு" என்றார் டாக்டர். "என் கதவை நான் கழட்ட மாட்டேன்."

அப்போது ஜமீனுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ஏங்க, ஒரு நிமிஷம். அப்ப இந்தக் கதவு சாத்தாம இருந்தது, கதவு தப்புங்கறதால. நான் சாத்தத் தெரியாததால இல்ல. அப்படித்தானே?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது என்ன சொல்வீங்க? ‘பிரிட்ஜ் கதவு மாதிரி சாத்தாதே, கார் கதவு மாதிரி சாத்து.’ எங்க தம்பி கல்யாணத்துல, அத்தனை பேர் முன்னாடி, எனக்குக் கதவு சாத்தக் கிளாஸ் எடுத்தீங்களே!"

வாசற்படியிலிருந்து டைம்கீப்பர் எழுந்தார். ஏழு வருஷத்தில் அந்த மனிதர் கிளப் விவகாரத்தில் பேசியதே கிடையாது. "நானும் அதே கேஸ்தாம்மா" என்றார். "இழுத்துச் சாத்துங்க, இழுத்துச் சாத்துங்கன்னு... எனக்குத் தோள்பட்டையே இறங்கிப் போச்சு."

பல்லக்கா கணவர் பக்கம் திரும்பினார். சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லிவிடுவது அவர் பழக்கம். "தப்பு என்னோடதுங்க. சாத்தறவரைத் திட்டினதுக்குப் பதிலா கதவைப் பார்த்திருக்கணும்."

"பதிவு பண்ணிக்கோ" என்றார் டைம்கீப்பர் சட்டத்திடம். "மணி ரெண்டு அம்பத்தஞ்சு."

டாக்டரம்மா குறுக்கெழுத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். தகரத்தைப் பார்த்து, "கழட்டுப்பா" என்றார். "எனக்கு என் கதவு வேணும். சாம்பலோ, பச்சையோ, பட்டுப்புடவை பார்டரோ, என்ன வேணா இருக்கட்டும். கப்புகளைப் பத்திக் கவலை வேணாம். துடைக்கறது நான். குறைஞ்சா எனக்குத்தான் மிச்சம்."

தகரம் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கூரையைப் பார்த்தார். கூரையில் எழுதியிருந்ததைப் படிக்கிற மாதிரி, "கீல் ஆணியைப் பார்த்துத் தட்டு. பெயிண்ட் உரியப் போகுது" என்றார்.

அதற்கப்புறம் பேச்சு குறைந்தது, வேலை கூடியது. ஜமீனின் மெரூன் கதவைக் கழற்றி இரண்டு பலகைகள் மேல் படுக்க வைத்தார்கள். உள்தகட்டில் இருநூற்று ஏழு இருந்தது. பல்லக்கா அதை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, "ஈயத்தை எடு" என்றார். தகரம் ஊதுவிளக்கைப் பற்ற வைத்து, கீழ் மூலையில் நெருப்பை ஆட்டி ஆட்டிக் காட்டினார். முதலில் மெரூன் பெயிண்ட் கொப்புளித்துக் கருகியது. டாக்டர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிறகு ஈயம் பளபளத்து, சோம்பலாக நகர்ந்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அடியில் பழைய இரும்பின் ஓரம் வெளியே வந்தது. கம்பெனிக்காரன் எழுபது வருஷத்துக்கு முன் அரம் போட்ட கோடு அதில் அப்படியே இருந்தது.

பெரியம்மாவின் கீலிலிருந்து பித்தளைத் தகடுகள் மூன்றையும் பல்லக்கா உருவிப் போட்டார். மெரூன் கதவை டைம்கீப்பரும் தகரமும் தூக்கிப் பிடிக்க, ஆணிகள் இறங்கின. பல்லக்கா சட்டைப் பையிலிருந்து ஒரு நீலக் காகிதத் துண்டை எடுத்தார். கடி எங்கே உயர்ந்திருக்கிறது என்று பல்லில் வைத்துப் பார்க்கிற மைக்காகிதம் அது. தூணுக்கும் கதவுக்கும் நடுவே பிடித்து, "மெதுவா" என்றார். மூடித் திறந்து பார்த்தபோது, மேலிருந்து கீழ்வரை ஒரே சீரான நீலக் கோடு விழுந்திருந்தது.

"வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். "நீங்களே உட்கார்ந்து சாத்துங்க. இழுக்க வேணாம்."

டைம்கீப்பர் உட்கார்ந்தார். இரண்டு விரலால் தள்ளினார். தலையணையில் கை வைத்த மாதிரி ஒரு சத்தம், கதவு தன் இடத்தில் அமர்ந்துவிட்டது. அவர் கதவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி கதவைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்."

அதே நேரத்தில் அந்தப் பக்கம் ஜமீனுக்குச் சாம்பல் கதவு ஏறியிருந்தது. டாக்டரம்மா சாத்தினார், ஒரே தடவை. டாக்டர் நம்பாமல் தானே திறந்து சாத்தினார். மறுபடி சாத்தினார். ஒன்பது தடவை சாத்தினார் என்று சட்டம் எண்ணிச் சொன்னார். பத்தாவது தடவைக்கு டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "போதும், கதவுக்கு வலிக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரிப்பு வந்த பிறகு மனுஷன் வேறு ஆளாகிவிட்டார். "மூணு கப்பையும் அடுத்த கூட்டத்துல கொண்டுவந்து மேஜைமேல வைக்கிறேன். என்ன பண்றதுன்னு கிளப் முடிவு பண்ணட்டும். இப்ப சோதனையை ஆரம்பிங்கப்பா, முதல்லேர்ந்து."

"மூணு நாப்பத்தாறு" என்றார் டைம்கீப்பர்.

பல்லக்கா மறுபடி பின்சீட்டில் ஏறி உதட்டை ஒட்டிக்கொண்டார். என்ஜின், சேஸிஸ், மட்கார்டு என்று முதலிலிருந்து எல்லாம் நடந்தது. இந்தத் தடவை டாக்டர்தான் எல்லோரையும்விடக் கறாராகப் பார்த்தார். ஒவ்வொரு கதவின் உள்பலகையையும் கழற்றி எண்ணைக் காட்டச் சொன்னார். மற்ற மூன்றிலும் இருநூற்று ஏழுதான். கடைசி டிக் விழுந்தபோது மணி நாலு இருபத்தெட்டு.

கடுதாசி எழுத ஷெட்டில் மேஜை இல்லை. பெரியம்மாவின் பானெட்டில் துண்டை விரித்து, அதன்மேல் நோட்டை வைத்து, நின்றபடியே பல்லக்கா எழுதினார். முதலில் கிளப்பின் பெயர், பிறகு வண்டியின் எண், பிறகு தகடுகள் ஒவ்வொன்றாக. இடது முன்கதவுக்கு வந்ததும் டாக்டர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பல்லக்கா எழுதியிருந்தது இது:

‘இடது முன்கதவு இந்த வண்டியின் சொந்தக் கதவே. எண் 207, உள்தகட்டில் உள்ளது. ஏழு ஆண்டுகள் எங்கள் கிளப்பின் வேறொரு வண்டியில் இருந்துவிட்டு, இன்று பிற்பகல் திரும்பி வந்தது. ஆகையால் அதன் நிறம் மட்டும் மெரூன். கீழ் மூலையில் உள்ளங்கை அகலம் வெறும் இரும்பு தெரியும். வண்டி இப்படியே வரும்.’

"இவ்வளவு எதுக்கு?" என்றார் டாக்டர். "நிறம் வேறேன்னு ஒரு வரி போதாதா?"

"பார்த்ததும் கேப்பாங்க டாக்டர். கேக்கறதுக்கு முன்னாடி சொன்னா தகவல். கேட்டப்புறம் சொன்னா சாக்கு."

"வேணாம்னுட்டா?"

"வேணாம்னா வேணாம். ஆனா கூப்பிட்டுப் பார்ப்பாங்க. இவ்வளவு சுத்தமா தன் கதவைக் கண்டுபிடிச்ச வண்டி அவங்களுக்கு எங்க கிடைக்கும்?"

டாக்டர் பேனாவை வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டார். கையெழுத்துக்குக் கீழே, யாரும் கேட்காமலே, ‘193-இன் உரிமையாளர்’ என்றும் எழுதினார். சட்டம் போட்டார். தகரம், கருகிய விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நிதானித்துப் போட்டார். கடைசியாகப் பல்லக்கா, செயலாளர் என்ற இடத்தில்.

காகிதங்கள் மூன்று. வரிசை பார்த்து, மூன்றாக மடித்து, பழுப்பு உறையில் போட்டார். வேன் ஹாரன் தெருமுனையில் கேட்டது. "நாலு அம்பத்தேழு" என்று டைம்கீப்பர் வாசலுக்கு ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து வேனை மறித்து நின்றார், பஸ்ஸையே நிறுத்துகிறவருக்கு வேன் எம்மாத்திரம். பல்லக்கா அவசரப்படவில்லை. உறையின் வாயில் பசையை ஓரம் முழுக்கத் தடவி, மடித்து, கட்டை விரலால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அழுத்தித் தேய்த்தார். முகவரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். பிறகு நடந்து போய் டிரைவர் கையில் கொடுத்தார். அவர் எடை போட்டு, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்து நீட்டி, உறையை மற்ற கடுதாசிகளோடு சாக்குப் பைக்குள் போட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.